பேச்சுக்குப் பயந்து படிப்பை மாற்றலாமா?

அன்புள்ள அம்மா,

வகுப்பில் எழுந்து பேசும்போது மகனுக்குக் கை நடுங்குகிறது, தொண்டை அடைக்கிறது, சட்டப் படிப்பை விட்டுக் கணக்கியலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கணக்கர் வாய் திறக்க வேண்டியதில்லை என்று யார் சொன்னது? நம் மொரிஷியஸின் எபேன் வணிக நகர அலுவலகங்களில் எட்டிப் பாருங்கள். ஏசிசிஏ என்ற கணக்கர் தேர்வை முடித்த பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கணக்கை விளக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கணக்கு பிடித்திருந்தால் மாறட்டும். பயத்துக்காக மாறினால் அந்தப் பயமும் கூடவே புது வகுப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் 20 வருடம் செய்தி வாசித்தவன். ஒலிபரப்பு தொடங்கிவிட்டது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தவுடன் உள்ளங்கை வேர்ப்பது கடைசி நாள்வரை நிற்கவில்லை. கேட்டவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

கல்லூரியில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுக்க வந்த முதல் வருடம் ஒரு தப்பு செய்தேன். என் செய்திக் குரலை அப்படியே கற்றுக்கொடுத்தேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பிடித்துக்கொண்டார்கள். வேலை நேர்காணலில் போய் இரவுச் செய்தி வாசிப்பதுபோலப் பேசினால் யார் வேலை கொடுப்பார்கள்? குரல் அல்ல, தாள்தான் முக்கியம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

செய்தி வாசிப்பவர் கையில் இருக்கும் தாள் காதுக்காக எழுதியது. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். 1,287 என்று எழுதியிருந்தால் 'கிட்டத்தட்ட 1,300' என்று மாற்றிக்கொள்வோம். மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு. புயல் காலத்தில் மூன்றாம் வகுப்பு எச்சரிக்கையை, அதாவது புயல் நெருங்கிவிட்டது என்ற அறிவிப்பை, வாசிக்கும்போது அந்தக் கோடுகள் இன்னும் அதிகம். ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கு எந்த வார்த்தையும் தவறக் கூடாது. உங்கள் மகனோ பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துவந்து, நான்கு வரி நீள ஆங்கில வாக்கியத்தை ஒரே மூச்சில் ஓட்டப் பார்க்கிறான். யாருக்கும் தொண்டை அடைக்கும்.

அவனிடம் சொல்லுங்கள்: முதலில் தாளை மூடிவைத்துவிட்டு விஷயத்தை உங்களுக்கு நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லட்டும். வழக்கு என்ன, யார் யாரை ஏமாற்றினார்கள், நீதிபதி என்ன சொன்னார். சாப்பாட்டு மேசையில் ஐந்து நிமிடம் போதும். நீங்கள் புரியாமல் முழிக்கும் இடம்தான் அவனுக்கே சரியாகப் புரியாத இடம். அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள், பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடவும் வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: தைப்பூசத்தன்று கன்னத்தில் அலகு குத்தி, ஆயிரம் பேர் நடுவே காவடி எடுத்து நடந்தானாம், பயமே இல்லையாம். கூச்சக்காரப் பிள்ளையா அது! அன்றைக்கு அவன் நினைப்பு முருகன்மேல் இருந்தது. வகுப்பில் தன்மேலேயே இருக்கிறது. விஷயத்தின்மேல் கண் போனால் பாதி நடுக்கம் அடங்கும்.

ஆனால் பேசப் பயந்து வகுப்புக்கே போகாமல் இருக்கிறான், தூக்கம் போய்விட்டது என்றால் அது வேறு. உளவியல் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பணம் கட்டிப் பேச்சுப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். அடுத்து வகுப்பில் எதைப் பற்றிப் பேசப்போகிறான் என்று கேட்டு எழுதுங்கள். எழுதிய தாளோடு வரும் சனிக்கிழமை என்னிடம் வரட்டும். பென்சிலும் கொண்டுவரச் சொல்லுங்கள்.