வேட்பாளர் சொல்லும் பென்ஷன் யாருக்கு?

கே: எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த எம்.எல்.ஏ. வேட்பாளர், ‘பழைய பென்ஷனைத் திரும்பக் கொண்டுவருவேன்’ என்று மைக்கில் சொன்னார். என் வீட்டுக்காரர் மணலியில் ஒரு தனியார் கம்பெனியில் 18 வருஷம் வேலை பார்த்து 2018இல் ஓய்வு பெற்றவர். பென்ஷன் 2,000 ரூபாய் சொச்சம். அது இனி ஏறுமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

ப: அவர் சொன்னதை வைத்து ஏறாதும்மா. இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் உங்களை நம்பவைத்துக் காத்திருக்கவிடுவது அதைவிடப் பாவம். பழைய பென்ஷன் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாகத் தருவது, அது அரசு ஊழியர் சமாச்சாரம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு அது கிடையாது என்று ஆனது; அதைத் திரும்பக் கேட்டுத்தான் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இத்தனை வருஷமாகப் போராடினார்கள்.

உங்கள் வீட்டுக்காரருடையது பி.எஃப். பென்ஷன், மத்திய அரசின் 1995ஆம் வருஷத் திட்டம். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகும். ஆனால் சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் 2014 ஆகஸ்ட் வரை 6,500 ரூபாய், அதற்கப்புறம் 15,000 ரூபாய், அவ்வளவுதான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்தந்தக் காலத்துத் தொகையை அந்தக் காலத்தில் வேலை பார்த்த வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் பென்ஷன், அதனால்தான் 18 வருஷ உழைப்புக்கு 2,000 சொச்சம் வந்து நிற்கிறது. இதற்கு டி.ஏ.வும், அதாவது விலைவாசிக்கு ஏற்ப ஏறும் அகவிலைப்படியும், கிடையாது. அரிசி விலை ஏறும், கேஸ் விலை ஏறும், இது மட்டும் ஓய்வு பெற்ற அன்று போட்ட தொகையிலேயே நிற்கும், இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

இதை மாற்றும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது. கோட்டைக்குப் போகிறவர் நினைத்தாலும் முடியாது. அதனால் எம்.பி. தேர்தலுக்கு வருகிறவரிடம் டி.ஏ.வையும் குறைந்தபட்சத் தொகையையும் கேளுங்கள். 2014இல் குறைந்தபட்சம் 1,000 என்று வைத்தார்கள், அது ஒரு மாத மாத்திரைக்குக்கூடப் போதாது. எம்.எல்.ஏ. ஆக வருகிறவரிடம் முதியோர் பென்ஷனைக் கேளுங்கள். 2023இல் அதை 1,000இலிருந்து 1,200 ஆக்கியது மாநில அரசுதான், அது அவர் கைக்கு எட்டுகிற விஷயம்.

கே: நான் 2010இல் அரசு வேலைக்கு வந்தேன். கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன் உறுதி என்றால் அது பழைய பென்ஷனேதானே?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

ப: இல்லை. பழைய பென்ஷனுக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கமாட்டார்கள். 2026 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த உறுதி ஓய்வூதியத்தில் பாதிச் சம்பளம் உண்டு, ஆனால் 10 சதவீதப் பிடித்தமும் உண்டு. எந்த வேட்பாளர் வந்தாலும் பிடித்தம் உண்டா, மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

உங்களுக்குப் பென்ஷன் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 30 வருஷம் உழைத்தவருக்கு அது உரிமை. ஆனால் 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால் ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் பணி நிரந்தரம் கேட்டதில் வயதான காலத்துச் சோறும் அடங்கியிருக்கிறது. வேலை காண்டிராக்டில் போனால் பென்ஷனும் மேலே கேள்வி கேட்ட அம்மாவின் வீட்டுக்காரருக்கு வந்த கணக்கில்தான் வந்து நிற்கும். உங்கள் ஆபீஸைக் கூட்டுகிறவரும் அப்படித்தான் இருப்பார். வேட்பாளர் உங்கள் சங்கத்துக்கு வந்து பேசும்போது அவருக்காகவும் ஒரு கேள்வி கேளுங்கள்.