புள்ளி நின்றால் பதற வேண்டாம்: கிளைடர் கேள்வி–பதில்

(போன இதழில் எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் பற்றி எழுதியதிலிருந்து சாட்டிலைட் டிராக்கரைப் பற்றியே, அதாவது நாம் இருக்கும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சாட்டிலைட் வழியே அனுப்பி மேப்பில் புள்ளியாகக் காட்டும் கருவியைப் பற்றியே, கடிதங்கள் குவிகின்றன. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான். பதில் சொல்பவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிளைடர் பயிற்சி கொடுப்பவர்.)

தனியாகப் பறக்க அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்து தொலைதூரப் பறத்தல். அதற்காக இன்ரீச் மினி என்ற டிராக்கர் ஒன்று வாங்கியிருக்கிறேன். கேனப்பியில், அதாவது தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில், ரப்பர் கப் வைத்து ஒட்டு என்கிறார் கிளப்பில் ஒருவர். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், மெல்போர்ன்

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஒட்டச் சொன்னவர் சிக்னலை மட்டும் யோசித்திருக்கிறார். பாக்கெட்டைச் சொன்னவர் குதிப்பதை மட்டும் யோசித்திருக்கிறார்.

கேனப்பியில் ஒட்டினால் வானம் நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் நடுவானில் இன்னொரு கிளைடரோடு மோதி வெளியே குதிக்க வேண்டிய நிலை வந்தால் நீங்கள் முதலில் கழற்றி எறிவது அந்தக் கேனப்பியைத்தான். டிராக்கரும் அதோடு போய்விடும். அது ஒரு மலைச்சரிவில் கிடந்து சிக்னல் அனுப்பும், நீங்கள் வேறொரு சரிவில் மரத்தில் தொங்குவீர்கள். கருவிப் பலகையில் மாட்டினாலும் இதே கதைதான், அது உடைந்த கிளைடரோடு போகும்.

குதிக்காத நாளிலும் ரப்பர் கப் ஆபத்துதான். இங்கே ஜனவரிக் கோடை வெயிலில் காக்பிட் சூடேறினால் பிடி தளர்ந்து விழுந்துவிடும். விழுவது எங்கே? காலால் மிதித்துத் திருப்பும் ரடர் பெடலுக்குப் பின்னால், இல்லையென்றால் கையால் பிடித்து ஓட்டும் ஸ்டிக்கின் அடியில். 2014 பிப்ரவரியில் பிரிட்டன் விமானப்படையின் வாயேஜர் விமானத்தில், கேப்டன் வைத்திருந்த கேமரா அவர் இருக்கையின் கைப்பிடிக்கும் சைடு ஸ்டிக்குக்கும் நடுவில் இருந்தது. இருக்கையை முன்னால் நகர்த்தினார். கேமரா ஸ்டிக்கைத் தள்ளிவிட்டது. ஏறத்தாழ 200 பேரோடு விமானம் 4,400 அடி சரிந்தது. அத்தனை பெரிய விமானத்துக்கே அந்தக் கதி. நம் காக்பிட்டில் முழங்காலுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அதனால் கட்டப்படாத எந்தப் பொருளும் கிளைடரில் ஏறக்கூடாது. டிராக்கருக்குச் சொல்வது தண்ணீர் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான்.

பேன்ட் பாக்கெட்டில் போட்டால் உங்களோடு வரும், சரி. ஆனால் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே அமுங்கிக் கிடக்கும் கருவிக்கு வானம் எங்கே தெரியும்? உடல் ஒரு பக்கம் மறைக்கும். கிளைடர் கார்பன் ஃபைபர் என்றால் அதுவும் ரேடியோ அலையைத் தடுக்கும். கண்ணாடி இழை கிளைடர் அந்த அளவுக்கு மோசமில்லை.

நான் மாணவர்களுக்குச் சொல்வது முதுகில் கட்டிக்கொள்ளும் பாராசூட்டின் வாரைத்தான். நெஞ்சுப் பகுதியில், காலர் எலும்புக்குக் கீழே, வெல்க்ரோவில் இறுகப் பிடிக்கும் ஒரு சின்னப் பையில் இருக்கட்டும், ஆன்டெனா மேல்நோக்கி. ஏன் காலர் எலும்புக்குக் கீழே? பாராசூட் விரியும்போது தோளிலிருந்து வார்கள் விருட்டென்று மேலே இழுபடும். அங்கே ஏதாவது மாட்டியிருந்தால் அது பிய்ந்து போகும், அல்லது உங்கள் தாடையில் அறையும்.

எந்தப் பக்கம் என்பது அதைவிட முக்கியம். பெரும்பாலான பாராசூட்களில் இழுக்கும் கைப்பிடி இடது நெஞ்சில் இருக்கும். ஆகவே டிராக்கர் வலது பக்கம். உங்கள் பாராசூட்டில் கைப்பிடி வேறு இடத்தில் இருந்தால் அதற்கு எதிர்ப் பக்கம். பதற்றத்தில் கை தேடும்போது கையளவில் கெட்டியாக அகப்படுவது கைப்பிடி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். டிராக்கரை இழுத்தால் பாராசூட் விரியாது.

வாங்கும்போது கூடவே ஒரு காரபினர் கொக்கி வந்திருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தொங்கும் கொக்கி பெல்ட்டிலும் மாட்டும், ஆக்ஸிஜன் குழாயிலும் மாட்டும். கொக்கிக்குப் பதில் ஒரு குட்டைக் கயிறு போதும். எடுத்துப் பார்க்கும்போது கை நழுவினாலும் கீழே போய்விடாத அளவுக்கு நீளம், ஸ்டிக்கைச் சுற்றிக்கொள்ள முடியாத அளவுக்குக் குட்டை. மீதியைப் பைக்குள் சுருட்டி வையுங்கள். மரத்தில் தொங்கிக்கொண்டு டிராக்கரைக் கீழே தவறவிடுவதைவிடக் கொடுமை உண்டா?

கிளைடரின் சீட் பெல்ட்டில் கட்டவே கூடாது. குதிக்கும்போது நீங்கள் கழற்றிவிட்டுப் போவது அதைத்தான்.

பாராசூட் வாரில் நீங்களே ஊசி நூல் எடுத்துத் தைக்காதீர்கள். மடித்துக் கொடுக்கும் ரிக்கரிடம் காட்டி, அவர் சரி என்று சொல்லும் பை மட்டும். கிளப் பாராசூட் என்றால் இன்னொரு சிக்கல்: சனிக்கிழமை நீங்கள் மாட்டிய டிராக்கர் ஞாயிற்றுக்கிழமை வேறொருவரோடு பறக்கும், அவர் பயணம் உங்கள் பெயரில் மேப்பில் ஓடும். இப்படி எங்கள் கிளப்பில் ஒரு வீட்டில் சண்டையே வந்திருக்கிறது.

எல்லாம் மாட்டிய பிறகு, தரையிலேயே, பெல்ட் போட்டு உட்காருங்கள். ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் முழுசாகத் தள்ளிப் பாருங்கள். பின்னால் இழுக்கும்போது வயிற்றருகே எதுவும் இடிக்கக்கூடாது. கேனப்பி கழற்றும் பிடி, பெல்ட் பக்கிள், பாராசூட் கைப்பிடி, மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொடுங்கள். பிறகு இடது கையால் மட்டும் டிராக்கரின் எஸ்ஓஎஸ் (அவசர உதவி) பட்டனின் மூடியைத் திறக்க முடிகிறதா, வலது கையால் மட்டும் முடிகிறதா என்று பாருங்கள். பட்டனை அழுத்திவிடாதீர்கள், மூடியோடு நிறுத்துங்கள். ஒரு கை முறிந்தால் மற்றக் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயிற்சி. குளிர்காலத்தில் கையுறை போடுவீர்கள் என்றால் கையுறையோடு பாருங்கள்.

என் ஐபோனிலேயே சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கிறது. கிளைடரில் ஃபிளார்ம் வேறு இருக்கிறது. தனி டிராக்கர் எதற்கு?
— வாசகர், சிட்னி

ஃபிளார்ம் பக்கத்தில் வரும் கிளைடரைக் காட்டி மோதலைத் தவிர்க்க வந்தது. ரேடியோ எட்டும் தூரம்தான் அதன் உலகம். மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் அதன் குரல் யாருக்கும் கேட்காது. ஐபோன் 14 முதல் வந்த எஸ்ஓஎஸ் நல்ல ஏற்பாடு, ஆஸ்திரேலியாவில் 2023 மே மாதம் முதல் வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் நினைவோடு இருந்து, போனைக் கையில் பிடித்து, சாட்டிலைட் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். டிராக்கருக்கு அந்தத் தேவை இல்லை. நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் அதுவரை வந்த பாதை மேப்பில் இருக்கும்.

அந்தப் பாதையின் இடைவெளியைக் கொஞ்சம் கவனியுங்கள். பலர் 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் 10 நிமிடத்தில் 20 கி.மீ. போய்விடுவீர்கள். கடைசிப் புள்ளியைச் சுற்றி 20 கி.மீ. ஆரத்துக்கு வட்டம் போட்டால் 1,250 சதுர கி.மீ.க்கு மேல் தேட வேண்டும். இடைவெளி 2 நிமிடம் என்றால் ஆரம் 4 கி.மீ., பரப்பு 50 சதுர கி.மீ. சந்தாவில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள். கொடுங்கள்.

டிராக்கரா, ஆபத்தில் அழுத்தினால் அவசரச் சிக்னல் விடும் பிஎல்பி பீக்கனா? இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது.
— வாசகி, ஆக்லாந்து

மலைமேல் பறப்பவர் என்றால் முதலில் பிஎல்பி, பிறகு பணம் சேர்ந்ததும் டிராக்கர். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தையும் கீழே சொல்லிவிடுகிறேன்.

பிஎல்பி 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் சக்தியோடு கத்தும். காஸ்பாஸ்–சார்சாட் என்ற பன்னாட்டுச் சாட்டிலைட் ஏற்பாடு அதைக் கேட்டு நேரே அரசாங்க மீட்பு மையத்துக்குச் சொல்லும். சந்தா கிடையாது. அழுத்திய பிறகு குறைந்தது 24 மணி நேரம் ஓடும். தேடி வரும் ஹெலிகாப்டர் கிட்டே வந்ததும் பிடித்துக்கொள்ள 121.5 மெகாஹெர்ட்ஸிலும் ஒரு சின்னச் சிக்னல் விடும். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து கட்டியது இந்த ஏற்பாடு. 1982 செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சின்ன விமானத்தின் 3 பேர்தான் இதனால் முதலில் பிழைத்தவர்கள். அவர்களைக் கண்டுகொடுத்தது சோவியத் சாட்டிலைட்.

பீக்கனின் குறை ஒன்றுதான். ஆன்டெனாவை விரித்து யாராவது அழுத்த வேண்டும். அழுத்த ஆள் இல்லையென்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. டிராக்கர் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. ஸ்டீவ் ஃபாசெட்டை நினைத்துப் பாருங்கள். 2006இல் அர்ஜென்டினாவின் எல் கலஃபாத்தேயில் எய்னர் எனவோல்ட்சனோடு கிளைடரில் 50,000 அடிக்கு மேல் ஏறிச் சாதனை படைத்தவர். மறு ஆண்டு 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவில் சின்ன எஞ்சின் விமானம் ஒன்றில் கிளம்பினார், திரும்பவில்லை. விமானத்தின் அவசரச் சிக்னல் எதுவும் யாருக்கும் கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் தேடினார்கள். தேடும்போது வேறு பழைய விமானச் சிதைவுகள் அகப்பட்டன, இவருடையது அகப்படவில்லை. 2008 செப்டம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸ் பக்கம் மலையேறப் போன ஒருவர் கையில் அவருடைய அடையாள அட்டை கிடைத்த பிறகுதான் இடம் தெரிந்தது. டிராக்கர் இருந்திருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் தேடியிருக்க மாட்டார்கள்.

பீக்கனை ஜிப் போட்ட மேல்சட்டைப் பாக்கெட்டில் வையுங்கள். பாராசூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தாலும் உடம்போடு இருக்கும். வாங்கியதும் பதிவு செய்யுங்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் பதிவு இலவசம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அவசரத் தொடர்பு எண்ணாகப் பழைய காதலன் எண்ணை விட்டுவைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

டிராக்கரைப் பக்கத்தில் வைத்தால் ஃபிளார்மின் ஜிபிஎஸ் தடுமாறுகிறது. கருவி பழுதா?
— வாசகர், பெர்த்

பழுதாக இருக்காது. ஜிபிஎஸ் வருவது 1,575 மெகாஹெர்ட்ஸில். டிராக்கர் மேலே அனுப்புவது 1,610–1,626 பக்கம், ஏறக்குறைய அடுத்த வீடு. பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தினால் ஜிபிஎஸ் காது அடைத்துப் போகும். ஒரு முழம் தள்ளி வையுங்கள். காம்பஸ் பக்கத்திலும் வேண்டாம். உள்ளே ஸ்பீக்கர் காந்தம் இருந்தால் முள் ஆடும்.

என் மகன் நியூசிலாந்து ஓமராமாவில் கிளைடர் ஓட்டுகிறான். மேப் இணைப்பு அனுப்பியிருக்கிறான். நேற்று ஒரு மணி நேரம் புள்ளி நகரவே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. போன் போட்டால் எடுக்கவும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, முதலில் அந்தக் கடைசிப் புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். உயரமும் வேகமும் காட்டும். வேகம் பூஜ்யம், உயரம் பள்ளத்தாக்குத் தரை அளவு, அதே இடத்தில் புள்ளி மேல் புள்ளி விழுகிறது என்றால் தம்பி பெரும்பாலும் ஏதோ ஆட்டுப் பண்ணையில் இறங்கி, டிரெய்லர் வருவதற்காகக் காத்திருக்கிறான். காற்று கைவிட்டால் வயலில் இறங்குவது கிளைடரில் அன்றாடம் நடப்பது, அது விபத்து இல்லை. போன் எடுக்காதது ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் டவர் கிடையாது. புதுப் புள்ளியே வரவில்லை என்றால் மலை மறைத்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம். பறந்துகொண்டிருந்தவன் புள்ளி மலைச்சரிவின் மேல் அறுந்து போய், நேரமும் கடந்துகொண்டே இருந்தால் அப்போதுதான் கவலை.

தம்பியிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, இறங்கியதும் டிராக்கரிலிருந்தே “பத்திரமாக இறங்கிவிட்டேன்” என்று முன்கூட்டியே எழுதி வைத்த செய்தியை அனுப்ப வேண்டும், அதற்கு டவர் தேவையில்லை. இரண்டு, அன்றைக்குக் கிளப்பில் பொறுப்பில் இருப்பவரின் எண். அங்கே கோடையில் இந்திய நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால். உங்களுக்கு மதியம் ஒரு மணி என்றால் அங்கே இரவு எட்டரை, டிசம்பரில் அப்போதும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். அதற்குள் செய்தி வராவிட்டால் கிளப் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மீட்பு மையத்தைக் கூப்பிட வேண்டுமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சந்தேகமான இடத்தில் புள்ளி அறுந்தால் ஒரு மணி வரை உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். தொல்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும், மேப் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பெரியம்மா, சித்தப்பா எல்லோரும் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தால் உங்களுக்குத்தான் போன் வந்துகொண்டே இருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். டிராக்கரைக் கைப்பையில் கொண்டு வரலாமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கப் போகும்போது உதவுமே.
— வாசகர், அடிலெய்ட்

கொண்டு வராதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் இன்ரீச் போன்ற சாட்டிலைட் கருவியை வைத்திருப்பது குற்றம். கோவா, டெல்லி விமான நிலையங்களில் கைப்பையில் இன்ரீச் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். மலை நடைக்காக என்று விளக்கம் சொன்னாலும் எடுபடாது. இந்தியா வழியாக வேறு நாட்டுக்கு விமானம் மாறினாலும் இதே சிக்கல். பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு, அணைத்து, வெயில் படாத அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். டிராக்கிங் சந்தாவை அந்த மாதம் நிறுத்தி வைக்க உங்கள் திட்டத்தில் வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.