நல்ல நாய்ப் பயிற்சியாளரை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நாய் சொன்னதைச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? முதலாவதற்குத் தின்பண்டம், விளையாட்டு என்றும், இரண்டாவதற்கு 'பாடத்தை எளிதாக்கித் திரும்பச் சொல்லிக்கொடுப்பேன்' என்றும் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின், மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர், மல்லாக்கப் புரட்டி அமுக்குவது என்றால் வேண்டவே வேண்டாம்.

'நீங்கள்தான் தலைவன் என்று காட்டணும்' என்பவரையும் விட்டுவிடுங்கள். அந்தக் கருத்துக்கு வேர், 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட, அடைத்துவைத்த ஓநாய்கள் தலைமைக்குப் போட்டியிடுவதைப் பற்றிய ஆய்வு. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதிவிட்டார். நம்மூர் விளம்பரங்களுக்குத்தான் சேதி இன்னும் எட்டவில்லை!

உறுமும் நாயை அடித்தால் பயம் போகாது, உறுமல்தான் போகும். அப்புறம் எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். ஒடுங்கிய வால், பின்னால் படிந்த காது, அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி: இவை பயத்தின் அறிகுறிகள். சிலை மாதிரி இருக்கும் நாயை அடக்கமான நாய் என்று எண்ணிவிடாதீர்கள். தின்பண்டம் பட்டாணி அளவு போதும். ஆனால் சரியாகச் செய்த ஓரிரு விநாடிக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது.

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று கடிக்க வருகிறதா? பயிற்சியாளருக்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதுப் புண், பல் வலி, மூட்டு வலி காரணமாக இருக்கலாம்.