ஜன்னலுக்கு எத்தனை பெயர்? – கேள்வி பதில்

கேள்வி: சார், 'ஜன்னல்' போர்த்துகீசியச் சொல் என்கிறார்கள். ஸ்பானிஷ் படிக்கிற என் தங்கையோ 'வென்தானா' என்கிறாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மொழிகள்தானே?

பதில்: மொழிகள் உடன்பிறப்புகள்தாம், இந்த இரு சொற்களும் அப்படி இல்லை. லத்தீனில் ஜன்னலுக்கு 'ஃபெனெஸ்த்ரா' என்று பெயர். போர்த்துகீசியர் அதை ஓரங்கட்டிவிட்டு, வாசலைக் குறித்த 'யானுவா'வோடு குறுமை விகுதி சேர்ந்து வந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் 'ஜனெலா', அதாவது குட்டி வாசல். ஸ்பானியர் காற்றைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றுக்கு லத்தீனில் 'வென்துஸ்'. அதன் வழி வந்தது வென்தானா. மூக்குத் துவாரத்துக்கும் அங்கே அதே சொல் உண்டு.

கேள்வி: பாவம், ஃபெனெஸ்த்ரா வழக்கொழிந்துவிட்டதா?

பதில்: நன்றாகவே இருக்கிறது. இத்தாலியிலும், ஸ்பெயினின் வடகிழக்கில் பேசப்படும் கத்தலான் மொழியிலும் 'ஃபினெஸ்த்ரா'. பிரெஞ்சில் 'ஃபெனெத்ர்', எழுதும்போது நடு எழுத்தின் தலையில் ஒரு தொப்பி போடுவார்கள், உதிர்ந்துபோன 'ஸ்' ஒலியின் அடையாளம் அது. ருமேனியர் வாயில் 'ன' திரிந்து 'ர' ஆனது. போர்த்துகீசியத்திலும் 'ஃப்ரெஸ்தா' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் பொருள் வெறும் இடுக்கு. நல்ல பதவியிறக்கம்! ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசிய மொழியில் ஃபியெஸ்த்ரா, ஷனெலா, வென்தா என மூன்றுமே உண்டு.

கேள்வி: ஜனவரிக்கும் ஜன்னலுக்கும் உறவுண்டா?

பதில்: உண்டு. ரோமானியரின் வாசல் தெய்வம், இரண்டு முகம் கொண்ட யானுஸ். அவர் பெயரில்தான் ஜனவரி. யானுவாவும் அதே வேர்.

கேள்வி: அப்போ போர்த்துகீசியர் வரும்வரை நம் வீடுகளில் ஜன்னலே இல்லையா ஐயா?

பதில்: இல்லாமலா? சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர் மாளிகை' வருகிறதே. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஸ்பானியருக்குத் தோன்றியதுதான் இங்கேயும் தோன்றியிருக்கிறது. ஆங்கிலத்தின் 'விண்டோ'கூட ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றுக்கண்'. அந்த மான்கண்ணையும் காலதரையும் சேர்த்துப் பாருங்கள்! சாளரம், பலகணி வேறு இருக்கின்றன. இத்தனை இருந்தும் பேச்சில் ஜன்னல்தான் ஜெயித்தது. மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, இந்தோனேசியாவில் ஜெண்டெலா.

கேள்வி: சாவியும் அவர்கள் கொடுத்ததா?

பதில்: ஆமாம், மேசை, அலமாரியோடு சேர்த்து. லத்தீன் 'கிளாவிஸ்' இத்தாலியில் கியாவே, ஸ்பானிஷில் யாவே, பிரெஞ்சில் கிளே. சொல் முதலில் 'ச' வருவது போர்த்துகீசிய 'சாவெ'யில். நாம் யாரிடம் வாங்கினோம் என்பதற்கு அந்த ஓரெழுத்தே போதும்.