ஊசிப் பரிசோதனை செய்யாமலே ஆபரேஷனா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 48. தாடைக்குக் கீழே, கழுத்தின் வலப்புறத்தில் நீண்ட நாட்களாக வலியில்லாத கட்டி ஒன்று இருக்கிறது. நெறிகட்டு என்றே நினைத்திருந்தோம். இப்போது ஸ்கேன் பார்த்துவிட்டு, ‘கரோட்டிட் பாடி டியூமர்’ என்கிறார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமலே ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்வது சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சரிதான். மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உணரும் ‘கரோட்டிட் பாடி’ என்ற சின்னஞ்சிறு உறுப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து வளரும் இந்த அரிய கட்டி முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்தது என்பதால், துணுக்கு எடுக்கப் போனால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகக்கூடும்.

ஊசி இல்லாமலே இதைக் கண்டறிய வழி இருக்கிறது. விரல்களால் பிடித்து அசைத்தால் கட்டி பக்கவாட்டில் நகரும். தமனியோடு ஒட்டியிருப்பதால் மேலும் கீழும் நகராது. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனில், தமனியின் இரு கிளைகளையும் விலக்கிக்கொண்டு அது நடுவே உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரியும். அதே ஆழத்தில் மூளையிலிருந்து கழுத்து வழியே கீழிறங்கும் வேகஸ் நரம்பின் உறையிலிருந்து வளரும் ஷுவானோமா கட்டியோ, பெரும்பாலும் தமனியையும் அருகிலுள்ள சிரையையும்தான் பிரித்து விலக்கும்.

சில கட்டிகள் அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரந்து, மயக்க மருந்து கொடுக்கும்போது ரத்த அழுத்தத்தை எகிற வைக்கும். ஆகவே அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்களை ரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனையை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். இந்தக் கட்டி பரம்பரையாகவும் வரலாம். மறுபக்கக் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அம்மாவின் உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இப்படிக் கட்டி இருந்ததா என்பதையும் டாக்டரிடம் தெரிவியுங்கள்.

கட்டி தமனியை எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஷாம்ப்ளின் என்ற மருத்துவர் 1971-இல் வகுத்த மூன்று பிரிவுகளில் ஒன்றில் இதைச் சேர்ப்பார்கள். முதல் பிரிவில் எளிதாகப் பிரித்தெடுத்துவிடலாம். மூன்றாவதில் தமனியின் ஒரு பகுதியையே வெட்டிவிட்டு, காலிலிருந்து எடுத்த சிரையை அங்கே பொருத்த நேரலாம். பெரிய கட்டியென்றால், ஓரிரு நாள் முன்பே அதற்குப் போகும் ரத்தக்குழாய்களை உள்ளிருந்து அடைப்பதும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்முவது, நாக்கு ஒருபக்கம் இழுப்பது, விழுங்கச் சிரமப்படுவது ஆகியவை அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்படுவதால் வரக்கூடியவை. பக்கவாத அபாயம் குறைவென்றாலும் அதை மறைக்கக் கூடாது.

கட்டி மெதுவாக வளர்வதால், வயது மிக முதிர்ந்தவர்களுக்கு அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே பல நேரங்களில் போதும். உங்கள் அம்மாவின் வயதில், சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது என்பதே என் கருத்து. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டிதான் என்றாலும், அரிதாக இது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதுண்டு. ரத்தநாள அறுவை நிபுணர் உடனிருக்கும் மருத்துவமனையிலேயே செய்துகொள்ளுங்கள்.