பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதை: எதில் தொடங்குவது?

யாங்கூனிலிருந்து ஒரு தாய்: அண்ணே, பையனுக்குப் பத்து வயது. ஷெர்லாக் ஹோம்ஸ் முழுத் தொகுப்பைத் தமிழில் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டான்.

4 நாவல், 56 சிறுகதை. பெரியவர்களுக்கே மலைப்பாக இருக்கும், தங்கச்சி. பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கிற பிள்ளை தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அப்படிப் படித்தால் துப்பு எங்கே மனசில் நிற்கும்? முதலில் பர்மிய எழுத்தாளர் ஷ்வே ஊ டவுங்கின் மவுங் சான் ஷா கதைகளைப் பர்மிய மொழியிலேயே கொடுங்கள். ஹோம்ஸ் கதைகளை இந்த ஊருக்கும் இந்த ஆட்களுக்கும் ஏற்றபடி மாற்றி எழுதியவை. ருசி கண்டபிறகு தமிழில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

அதற்கு 'சிவப்புத் தலைமுடிச் சங்கம்' கதைதான் என் தேர்வு. தலைமுடி சிவப்பு என்ற ஒரே தகுதிக்காக ஓர் அடகுக்கடைக்காரருக்கு வாரம் 4 பவுண்டு சம்பளம். வேலை? காலை 10 முதல் 2 வரை உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதுவது. "எதுக்கு?" என்று பையன் கேட்பான். ஹோம்ஸ் அந்தக் கடை உதவியாளனின் முழங்காலைப் பார்க்கப் போவார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடுங்கள். யோசிக்கட்டும்.

தட்டோனிலிருந்து ஒரு தகப்பனார்: கொலை, ரத்தம் என்றால் மகளுக்கு ராத்திரி தூக்கம் வராது.

மேலே சொன்ன கதையில் கொலையே கிடையாது. அப்புறம், எரிக் கேஸ்ட்னரின் 'எமிலும் துப்பறிவாளர்களும்' (1929). ரயிலில் தூங்கிப்போன பையனிடமிருந்து 140 மார்க் திருடு போகிறது. பணத்தைக் குண்டூசியால் கோட்டுப் பைக்குள் குத்தி வைத்திருந்தான். அந்த ஊசியை மறக்காதே என்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள்.

மாண்டலே மாணவி: ஐயா, அகதா கிறிஸ்டியில் ரோஜர் அக்ராய்ட் கொலைதான் பெஸ்ட் என்கிறார்கள். அதிலேயே தொடங்கலாமா?

பெஸ்ட்தான். அதனாலேயே இப்போது வேண்டாம், பாப்பா. 1926இல் வந்த அந்தக் கதை, துப்பறியும் நாவலின் ஒரு வழக்கத்தை வைத்தே நம்மை ஏமாற்றும். வழக்கம் பழகாதவருக்கு ஏமாந்ததே தெரியாது. கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ அறிமுகமாகும் ஸ்டைல்ஸ் நாவலை (The Mysterious Affair at Styles, 1920) முதலில் எடு. முதல் உலகப் போரில் கிறிஸ்டி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர். விஷக் கணக்கில் அதனால்தான் அத்தனை சுத்தம்.

ஒரு தாத்தா: நம் தமிழில் ஒன்றுமே இல்லையா?

ஏன் இல்லை? தேவனின் 'துப்பறியும் சாம்பு' இருக்கிறதே! பாங்க் குமாஸ்தா, மூளை கொஞ்சம் மட்டு. அவர் உளறுவதே கடைசியில் துப்பாகிவிடும். பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. சுஜாதாவின் கணேஷ்-வசந்த்? மீசை முளைக்கட்டும், சரியா.

அதே தாத்தா: யாங்கூன் பன்சோடான் தெருவில் பழைய புத்தகமாக வாங்கலாமா?

வாங்கலாம். வாங்குமுன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கே நான் வாங்கிய ஒரு கிறிஸ்டியில், மூன்றாம் பக்கத்திலேயே ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, "இவன்தான்" என்று எழுதி வைத்திருந்தார் ஒரு புண்ணியவான்.