மகள் எக்சோசோம் ஆராய்ச்சிக்குப் போகட்டுமா?

வணக்கம் அம்மா. இதய நோய் பற்றிப் படிக்கத்தான் மகளுக்குப் பிடிக்கும் என்றால் மருத்துவமே படிக்கலாமே, எக்சோசோம் என்ற கண்ணுக்குத் தெரியாத குமிழியை ஆராய்ந்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பயப்படும்படி உங்கள் மகள் எதையும் சொல்லவில்லை.

நம் செல்கள் சவ்வு போர்த்திய நுண்பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் எக்சோசோம் என்பது 30 முதல் 150 நானோமீட்டர் அளவுதான். 1967-ல் பீட்டர் வுல்ஃப் என்ற ஆய்வாளர், ரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் இத்தகைய துகள்களைத் 'தட்டணுத் தூசி' என்று எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 2007-ல், யான் லோட்வாலின் ஆய்வுக் குழு இந்தப் பைகள் ஒரு செல்லின் ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறை, இன்னொரு செல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் காட்டியது. அப்புறம்தான் இந்தத் துறை சூடுபிடித்தது. மாரடைப்பில் அடிபட்ட இதயத் தசையும் இவற்றை ரத்தத்தில் விடுகிறது. தமனிச் சுவரில் கால்சியம் படிவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. 2010-ல் சிங்கப்பூரில் லிம் சாய் கியாங் குழு, ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) விட்ட எக்சோசோம்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, மாரடைப்பில் சேதமடையும் தசையின் அளவு குறைந்தது.

ஆனால் எலிக்குப் பலித்தது இன்னும் இதய நோயாளிக்கு மருந்தாகவில்லை. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019-லேயே, அனுமதி பெறாத எக்சோசோம் பொருட்களைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. எக்சோசோம் ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் வேலை கிடைத்தாலும் அனுப்பாதீர்கள்.

சரி, என்ன படிப்பது? எக்சோசோம் பெயரைத் தாங்கிய குறுகிய படிப்பு இப்போது வேண்டாம். உயிர்வேதியியல் அல்லது செல் உயிரியலில் பட்டம், கூடவே புள்ளியியல், கொஞ்சம் நிரல் எழுதும் பழக்கம். ஆராய்ச்சியாளராக வேண்டுமானால் முனைவர் பட்டம் தேவைப்படும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. செல் வளர்ப்பு, ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல், தரக் கட்டுப்பாடு எல்லாம் கைவந்துவிட்டால், நோயறிதல் கருவி, உயிரிமருந்து நிறுவனங்களிலும் இடம் உண்டு. மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருவோரும் இருக்கிறார்கள். ஆனால் நோயாளியைப் பார்க்கும் ஆசை அவளுக்கே இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து பார்க்கட்டும். எக்சோசோம்களைப் பிரித்தெடுக்க, புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ரத்த மாதிரியைச் சுழற்றுவார்கள். சுழன்று முடிந்த குழாயின் அடியில் பல நேரம் எதுவுமே தெரியாது. அதனால்தான் வீழ்படிவு எங்கே ஒட்டும் என்று முன்கூட்டியே குழாயின் வெளியே பேனாவால் குறித்து வைப்பார்கள். அந்த இடத்தில் கலங்காமல் எடுத்தாலும், கொழுப்புப் புரதத் துகள்கள் கலந்து வந்து முடிவைக் குழப்பும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூன்றாவது முறை தொடங்கும்போதும் அவளுக்கு ஆவல் குறையவில்லை என்றால் என்னிடம் அழைத்து வாருங்கள், விண்ணப்பங்களைச் சேர்ந்தே நிரப்புவோம்.